எல்ம்ஸ்ஹோர்ன் பற்றி நீ எழுதாமல் விட்டவை

தம்பி,

நலமா என்று கேட்டுத் தொடங்க மாட்டேன். கோபத்தில் எழுதுகிறவள் நலம் விசாரித்தால் அது நடிப்பு. முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை அனோஜாவின் கையில் கொடுத்து, "அம்மா என்ன எழுதியிருக்கிறா, வாசிச்சுச் சொல்லும்" என்று கேட்காதே. உனக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும். சனிக்கிழமை தோறும் நித்திரைப் பாயிலிருந்து இழுத்தெடுத்து உன்னைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனது இப்படி ஒரு நாளுக்காகத்தான் என்று வைத்துக்கொள். ஒரு வாரம் எடுத்தாலும் பரவாயில்லை, எழுத்துக்கூட்டி நீயே வாசி. உன் மனைவி உனக்கு முதல் அறியக்கூடாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருக்கலாம். ஆனால் நான் சத்தம் போடத் தொடங்கியதும் நீ பாதியில் நிறுத்திவிடுவாய். கடிதத்துக்குச் சத்தம் இல்லை. அதனால் கடைசிவரை வாசிப்பாய்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, வேலையால் வந்து காலைச் சுடுதண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தேன். முதியோர் இல்லத்தில் அன்று இரண்டு பேர் வேலைக்கு வரவில்லை. மூன்று பேரின் வேலையை நான் ஒருத்தி செய்துவிட்டு வந்திருந்தேன். வாசல் மணி அடித்தது. நீலச் சட்டை போட்ட ஒரு டேனிஷ்காரப் பெடியன் நின்றான். ஒரு கையில் கமரா, மற்றக் கையில் சுவருக்குச் சுவர் தூரம் அளக்கிற சின்னக் கருவி. வீட்டுத் தரகராம். "உங்கள் மகனோடு எல்லாம் பேசியாகிவிட்டது, படம் எடுத்து அளவு பார்க்க அரை மணி நேரம்தான் எடுக்கும்" என்றான். எந்த மகன், என்ன பேச்சு என்று கேட்டு அவனை அப்படியே திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சிரித்துக்கொண்டு உள்ளே கூப்பிட்டு, கோப்பி போட்டுக் கொடுத்தேன். என் மகன் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் என் வீட்டுக்கு விலை பார்க்க ஆள் அனுப்பியிருக்கிறான் என்று அந்த அந்நியனுக்குத் தெரிந்துவிடக் கூடாதே என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரி நின்றேன். அவன் குசினியை அளந்தான். அப்பா படுத்திருந்த அறையை அளந்தான். "நல்ல வெளிச்சமான அறை" என்றான். போகும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டே, "தாயை இவ்வளவு கவனிக்கிற மகன்மார் எங்கள் ஆட்களிடம் குறைவு, நீங்கள் கொடுத்துவைத்தவர்" என்றும் சொன்னான். கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர்ச் சட்டியைக் காலால் உதைத்தேன். நிலமெல்லாம் தண்ணீர். துடைத்ததும் நான்தான்.

உனக்கு அன்றே போன் எடுத்துக் கேட்டேன். "அம்மா, அது சும்மா விலை பாக்கத்தான். ஏன் இப்ப ரென்சன் ஆகிறீங்கள்? நான் உங்களுக்கு எல்லாத்தையும் விவரமா எழுதி அனுப்புறன், வாசிச்சுப் பாருங்கோ" என்றாய். எழுதி அனுப்பினாயே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. எட்டுப் பக்கம். முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ஜெர்மனியில் நீ இருக்கிற ஊரின் பெயர், கீழே ஆற்றின் படம். உன் கந்தோரில் வாடிக்கையாளருக்குச் செய்து காட்டுகிற மாதிரி, தலைப்புத் தலைப்பாக, டேனிஷில். எல்ம்ஸ்ஹோர்ன் எங்கட ஹோர்சன்ஸை விடக் கொஞ்சம் சிறிய நகரம். ஹம்பேர்க்குக்கு அரை மணி நேரத்தில் ரயில். நடந்து போகும் தூரத்தில் கடைத்தெரு. பூங்கா இருக்கிறது. கத்தோலிக்கக் கோவில் இருக்கிறது, ஹம்பேர்க்கில் தமிழ்ப் பூசையும் உண்டு. தமிழ்ச் சாமான் கடைக்கு இத்தனை நிமிடம், வைத்தியரிடம் போக இத்தனை நிமிடம். கடைசிப் பக்கத்தில் நீ வாங்கப்போகிற வீட்டின் வரைபடம், அதில் கீழ்த்தட்டில் ஒரு பெட்டியைப் பச்சையாக்கி "அம்மா" என்று எழுதியிருக்கிறாய். ஐம்பத்தெட்டு வயதுப் பெண் ஒருத்தியின் மிச்ச வாழ்க்கையை ஒரு பச்சைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, "அனோஜாவுக்குப் பிள்ளை பிறக்க முதல் நீங்கள் வந்திட்டால் நல்லது" என்று ஒரு வரி. வாறீங்களா என்று ஒரு கேள்விக்குறி அந்த எட்டுப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுத் தேடினேன். இல்லை.

சரி, ஒரு ஊரைப் பற்றி எழுதுவது அவ்வளவு லேசு என்றால் நானும் எழுதிப் பார்க்கிறேன் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. உனக்குச் சொல்லவில்லை. போன செவ்வாய்க்கிழமை வேலைக்கு லீவு போட்டேன். வெள்ளன எழும்பி, இரண்டு முட்டை அவித்து, பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு, ஹோர்சன்ஸில் ரயில் ஏறினேன். வைலே தாண்டி, கோல்டிங்கில் மாறி, பிளென்ஸ்பேர்க்கில் திரும்ப மாறி, மத்தியானம் ஆகும்போது உன் ஊரில் இறங்கினேன். நீ ஹம்பேர்க்கில் கந்தோரில் இருந்தாய். எட்டுப் பக்கத்தில் நீ எழுதிய ஊரை உன் தாய் தன் கண்ணால் பார்க்க வந்திருக்கிறாள் என்று உனக்குத் தெரியாது.

உன் எல்ம்ஸ்ஹோர்ன் பற்றி நான் சொல்கிறேன், கேள். ரயிலால் இறங்கினவர்களில் முக்கால்வாசிப் பேர் நிற்காமல் ஓடினார்கள். அங்கே ஏறுகிறவர்களும் ஹம்பேர்க்குக்குப் போகிற அவசரத்தில்தான் ஏறுகிறார்கள். பெரிய பட்டணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஊர்களின் தலைவிதி அது. ஆட்கள் அங்கே நித்திரை கொள்வார்கள், வாழ்வது வேறெங்கோ. நீ படம் போட்ட ஆற்றைத் தேடிப் போனேன். நான் போன நேரம் தண்ணீர் வற்றி, சேறு தெரிந்தது, அதில் ஒரு பறவை நடந்து திரிந்தது. கடல் ஏறும்போது தண்ணீர் வருமாம், இறங்கும்போது போய்விடுமாம். நீ தண்ணீர் நிரம்பின நேரம் பார்த்துப் படம் எடுத்திருக்கிறாய், கெட்டிக்காரன். காற்றிலே ஓட்ஸ் வறுக்கிற மணம் வந்தது. அங்கே பழைய ஆலை ஒன்று இருக்கிறது என்று பிறகு அறிந்தேன். உன் எட்டுப் பக்கத்தில் அந்த மணம் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், அது ஒன்றுதான் எனக்கு அந்த ஊரில் பிடித்தது. கடைத்தெருவில் துருக்கிக்காரர் ஒருவரிடம் தேத்தண்ணி வாங்கினேன். எனக்கு ஜெர்மன் வராது, அவருக்கு டேனிஷ் வராது. கையாலே கதைத்துக்கொண்டோம். ஒரு தேத்தண்ணி வாங்கவே இந்தப் பாடு. இருபத்தெட்டு வயதில் டென்மார்க்கில் வந்திறங்கி, பாலுக்கும் மோருக்கும் வித்தியாசம் தெரியாமல் கடையில் நின்று அழுத பெண் நான். அந்த ஊமைத்தனத்தை ஐம்பத்தெட்டு வயதில் திரும்பத் தொடங்கச் சொல்லுகிறாய். அதற்கு உன் எட்டுப் பக்கத்தில் தலைப்பு இல்லை.

குறை மட்டும் சொன்னால் நீ என்னை நம்ப மாட்டாய். பூங்கா நல்ல பூங்கா. பெரிய மரங்கள், ஆட்கள் இருக்கப் போட்ட வாங்குகள் துப்புரவாக இருந்தன. தள்ளுவண்டியோடு தாய்மார் போனார்கள். உன் பிள்ளை இங்கேதான் ஓடித்திரியும் என்று நினைத்ததும் எனக்குள் ஏதோ இளகிவிட்டது, அதை மறைக்க மாட்டேன். அந்த வாங்கில்தான் இருந்து முட்டையைச் சாப்பிட்டேன். அப்போதுதான் அனோஜா என்னைக் கண்டாள். வைத்தியரிடம் போய்விட்டு அந்த வழியால் வந்திருக்கிறாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று, "மாமியோ?" என்றாள். பேயைக் கண்ட முகம்.

"ஓம், நான்தான். மகனிட்டைச் சொல்லாதை பிள்ளை."

"அவர் வேலையாலை வர ஆறு மணி ஆகும் மாமி. வீட்டை வாங்கோ. தனிய இப்பிடி வெளியிலை இருந்து சாப்பிடுறீங்கள்."

நான் போகவில்லை. உன் வீட்டுக்குள் உனக்குத் தெரியாமல் நுழைந்தால் எனக்கும் அந்தத் தரகனுக்கும் என்ன வித்தியாசம்? அவளைப் பக்கத்தில் இருத்தி, மிச்ச முட்டையைக் கொடுத்தேன். நல்ல பிள்ளை, பசியோடு சாப்பிட்டாள். ஊர்க்கதை கதைத்தோம். பிறகு நான் வழக்கம்போல என் பாட்டைத் தொடங்கினேன். இந்த டென்மார்க்காரர் எவ்வளவு கல்மனசுக்காரர், வெளிநாட்டில் கட்டின பெண்சாதியைக் கூட்டிவர விடாத ஒரு சட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று வருடமாக உங்களை உள்ளே விடுகிறார்கள் இல்லையே, பேரப்பிள்ளையும் எல்லைக்கு அந்தப் பக்கம் பிறக்கப்போகிறதே என்று. அவள் தலையைக் குனிந்துகொண்டு முட்டைக் கோதை நொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, உங்களுக்கு அவர் சொல்லேல்லையே?"

"என்னத்தை?"

"எங்களுக்கு டென்மார்க்குக்கு வரலாம் மாமி. போன வருஷமே வந்திருக்கலாம். இஞ்சை வந்து வேலை செய்து இருந்தாப்பிறகு அந்த ஐரோப்பியச் சட்டத்தாலை என்னையும் கூட்டிக்கொண்டு வரலாம் எண்டு வக்கீல் சொன்னவர். இவர்தான் வேண்டாம் எண்டவர். ஹோர்சன்ஸ் எண்ட பேரைக் கேட்டாலே அவருக்கு நித்திரை இல்லை. ஏன் எண்டு கேட்டால் வாய் திறக்கமாட்டார்."

தம்பி, எனக்கு வந்த கோபத்தை எழுத இந்தக் கடதாசி காணாது. மூன்று வருடம். நீ யாழ்ப்பாணத்தில் போய் அனோஜாவைக் கலியாணம் கட்டிக்கொண்டு வந்த நாள் தொடக்கம், "ரெண்டு வருஷம்தான் அம்மா, பிறகு வந்திடுவம்" என்றாய். இரண்டு வருடம் முடிந்ததும், "இன்னும் விடுறாங்கள் இல்லை அம்மா" என்றாய். நான் நம்பினேன். மேல் அறைக்கு வெள்ளை அடித்து வைத்தேன். வேலையிடத்தில் கோப்பி குடிக்கிற நேரமெல்லாம் இந்த நாட்டைத் திட்டினேன். உங்கள் தாய் தகப்பனைக் குளிப்பாட்ட என் கை வேணும், என் மருமகளுக்கு மட்டும் இங்கே இடம் இல்லையோ என்று, என்னோடு வேலை செய்கிற கியர்ஸ்டனின் முகத்துக்கு நேரே கத்தினேன். அவள் கண் கலங்கி, உட்கார்ந்து ஒரு அரசியல்வாதிக்குக் கடிதமே எழுதினாள். அந்தச் சட்டம் பொல்லாதது என்பதில் எனக்கு இப்போதும் சந்தேகம் இல்லை. உன்னை எல்லைக்கு அந்தப் பக்கம் அனுப்பியது அதுதான். ஆனால் அங்கேயே வைத்திருந்தது அது அல்ல. நீ. ஒரு அரசாங்கத்தைக் கதவாக்கி நிறுத்திவிட்டு, நீ அதற்குப் பின்னால் நின்றிருக்கிறாய். என் பிள்ளை என்னிடம் வர விருப்பமில்லாதவன் என்று எனக்குச் சொல்ல உனக்கு வாய் வரவில்லை. அதற்குப் பதிலாக என் வீட்டை விற்று, என்னைச் சாமானோடு சாமானாய் ஏற்றி இறக்கப் பார்த்தாய்.

அனோஜாவைப் பேசாதே. அவள் என் வற்புறுத்தலில் சொன்னவளும் அல்ல, கோள் சொன்னவளும் அல்ல. எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னவள். என்னை ஸ்டேசன்வரை கொண்டுவந்து விட்டாள். ரயில் வரும்வரை என் பையைத் தானே வைத்திருந்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். பிளென்ஸ்பேர்க்வரை ஒன்றும் குறையவில்லை. எல்லை தாண்டி, டேனிஷில் அறிவிப்புக் கேட்கத் தொடங்கியதும்தான், அவள் சொன்ன ஒரு வசனம் மேலே வந்து நின்றது. ஹோர்சன்ஸ் என்ற பேரைக் கேட்டாலே நித்திரை இல்லை. நீ லீவுக்கு வருகிறபோதெல்லாம் என்னை ஏற்றிக்கொண்டு போகையில் காரைச் சுற்றுப் பாதையால் விடுவாய். "அந்த ரோட்டிலை வேலை நடக்குதம்மா" என்பாய். எத்தனை வருடம் அந்த ரோட்டில் வேலை நடந்தது? ஆஸ்பத்திரி வாசலைக் கடக்கக்கூடாது என்பதற்காகத்தான் சுற்றினாய். எனக்கு அது எப்போதோ தெரியும் தம்பி. தெரியாத மாதிரி யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். பொய்யில் நீ என்னை மிஞ்சுகிற அளவுக்கு வளரவில்லை. அதை உனக்குப் பழக்கினதே நான்.

இனி எழுதப்போவது நான் இருபது வருடமாக வாயால் சொல்லாதது. உனக்குப் பதின்மூன்று வயது. அப்பா இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. பனியிலும் சைக்கிளில் போய் வந்த மனிதன், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்து பாதியாய்ப் போயிருந்தார். ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு நாள் கொடுத்தபோது, தமிழ் மொழிபெயர்ப்பாளரை ஒழுங்கு செய்யவா என்று கேட்டார்கள். வேண்டாம் என்றவள் நான். ஏன் வேண்டாம் என்றேன் தெரியுமா? வருகிறவர் எங்கட ஆளாக இருப்பார். அவர் வாயைத் திறக்க மாட்டேன் என்று சத்தியம் பண்ணியிருப்பார், ஆனாலும் பின்னேரம் ஆகுமுன் ஹோர்சன்ஸ் முழுக்கத் தெரியும், அடுத்த நாள் வைலே, ஞாயிறு பூசைக்குள் ஹேர்னிங். அவருக்கு என்ன வருத்தம், எவ்வளவு நாள் தாங்குவார் என்று எங்கட சனம் கோவில் வாசலில் நின்று கணக்குப் பார்க்கும். அதுதான் என் பயம். அப்பாவின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்ற பயத்தை விட அது பெரிதாய் இருந்தது. "எங்கட தம்பி நல்லா டேனிஷ் கதைப்பான், அவன் வருவான்" என்று சொல்லிவிட்டேன். பெருமையாய் வேறு சொன்னேன். உன்னைப் பள்ளிக்கூடத்தால் மறித்துக் கூட்டிக்கொண்டு போனேன்.

அப்பா மருந்து மயக்கத்தில் படுத்திருந்தார். வைத்தியர் எங்கள் இருவரையும் நடைபாதையில் இருத்தி, மெதுவாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கிரெஃப்ட் என்றால் புற்றுநோய் என்று நீ எனக்குத் தமிழில் சொல்லத் தேவை இருக்கவில்லை. முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவளுக்கு அது நன்றாகத் தெரிந்த சொல். ஒரு மணி நேரத்தில் அவர் விழித்துவிடுவார், அப்போது வந்து நானே அவரிடம் சொல்வேன், நீ மொழிபெயர்ப்பாயா, உன்னால் முடியுமா என்று வைத்தியர் உன்னிடம் கேட்டார். நல்ல மனிதர். நீ என்னைப் பார்த்தாய். அந்த ஒரு மணி நேரத்தில் நான் உன்னை மாடிப்படிக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னதை நீ மறந்திருக்க மாட்டாய்.

"தம்பி, அப்பாவுக்கு வயித்துப் புண் எண்டு மட்டும் சொல்லு. மருந்து குடிச்சால் மாறும் எண்டு சொல்லு. தெரிஞ்சால் அவர் இண்டைக்கே உடைஞ்சுபோவார்."

"அம்மா, டொக்டர் வேற சொல்லுவார். நான் எப்பிடி..."

"அவருக்குத் தமிழ் தெரியுமோ? நீ சொல்லு. அம்மா சொல்லுறன்."

நீ சொன்னாய். வைத்தியர் அப்பாவின் கட்டில் ஓரத்தில் இருந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு, நீண்ட நேரம் கதைத்தார். முடித்துவிட்டு உன்னைப் பார்த்தார். நீ அப்பாவிடம், "புண் அப்பா. மருந்து குடிச்சால் மாறுமாம்" என்றாய். அப்பா சிரித்தார். வைத்தியருக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. அப்பாவுக்கு எல்லாம் விளங்கியதா என்று உன்னிடம் இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் நீ "யா" என்றாய். உன் குரல் அப்போதுதான் உடையத் தொடங்கியிருந்தது, இரண்டாவது "யா" கீச்சென்று வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயில் அவன் தகப்பனின் சாவை வைத்து, அதை விழுங்கு என்று சொன்னவள் நான். உன் எட்டுப் பக்கத்துக்கு நான் ஆடின ஆட்டத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எனக்கு உன்னோடு கோபிக்க என்ன முகம் இருக்கிறது என்று நீ கேட்கலாம். கேள். ஆனாலும் நான் கோபிப்பேன். ஒருத்தருக்கு எது நல்லது என்று அவரைக் கேட்காமல் முடிவெடுக்கிற இந்த வருத்தம் என்னிடமிருந்துதான் உனக்குத் தொற்றியது. அது உன்னோடு நிற்கவேண்டும்.

நாளைக்கு உன் பிள்ளைக்கு ஜெர்மன் உன்னை விட நன்றாக வரும். உங்கள் பெயருக்கு ஒரு கடிதம் வரும், விளங்காத வசனம் இருக்கும், பிள்ளை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருக்கும். கூப்பிட்டு நீட்டத் தோன்றும். பால் வாங்கக் கேட்கலாம், பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கலாம். அதற்கு மேல் ஒன்றையும் அதன் வாயால் கேட்காதே. அனோஜாவிடமும் சொல்லிவை. அவள் இப்போது நான் அன்று நின்ற இடத்தில்தான் நிற்கிறாள், புது நாட்டில், அரைகுறைப் பேச்சோடு. அவளைப் பள்ளிக்கு அனுப்பு. அந்த மொழியை அவள் தானே படிக்கட்டும்.

அப்பா அதற்குப் பிறகு நான்கு மாதம் இருந்தார். அந்த நான்கு மாதமும் நீ அவருடைய அறைக்குள் போகாமல் ஒளித்துத் திரிந்தாய். பள்ளிக்கூடத்தால் நேரம் பிந்தி வந்தாய், சாப்பாட்டை மேலே கொண்டுபோனாய். அவர் உன்னைக் கூப்பிட்டு, அடுத்த கோடைக்கு உனக்குப் புதுச் சைக்கிள், தனக்கு ஒன்று, இரண்டு பேருமாய்க் கடற்கரைவரை ஓடுவோம் என்று சொன்னார். நீ ஓம் அப்பா, ஓம் அப்பா என்று தலையாட்டிவிட்டுக் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டாய். தண்ணீரைத் திறந்துவிட்டாய். நான் குசினியில் நின்று கேட்டேன். கதவைத் தட்டவில்லை. ஏமாந்துபோய்ச் சாகிற தகப்பனை நீதான் ஏமாற்றினாய் என்று அன்றைக்குத் தொடங்கி இன்றைக்குவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். அதனால்தான் இந்த ஊரில் உனக்கு நித்திரை இல்லை. ரயிலில் இருந்து இதை நான் விளங்கிக்கொண்டேன் என்று சொன்னால் அது அடுத்த பொய். இருபது வருடமாக விளங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

இனிக் கேள். சாவதற்கு இரண்டு கிழமைக்கு முதல், ஒரு மத்தியானம், நீ பள்ளிக்கூடத்தில். நான் அவருக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தேன். கரண்டியைத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"இஞ்சரும். அந்த டொக்டர் பத்து நிமிஷம் கதைச்சவர். தம்பி ஒரு வசனத்திலை முடிச்சுப்போட்டான். எனக்கு டேனிஷ் வராதுதான், மணிக்கூடு பாக்கத் தெரியாதே?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். 

"டொக்டர் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு கதைச்சவர். புண்ணுக்கு ஆரும் கையைப் பிடிப்பினமோ? எனக்கு அண்டைக்கே தெரியும். பெடியன்ரை முகத்தைப் பாத்தன். நான் நம்பாட்டில் அவன் அதிலையே விழுந்துபோவான் போலை இருந்துது. அதுதான் சிரிச்சனான். நீர் அவனை ஒண்டும் கேக்காதையும். நான் நம்பினமாதிரியே இருந்திட்டுப் போறன். அவன் வளந்தாப்பிறகு சொல்லும், அப்பாவுக்குத் தெரியும் எண்டு. மறக்காமல் சொல்லும்."

சைக்கிள் கதையெல்லாம் அவர் உனக்காகத்தான் சொன்னார். நீ அவரை ஏமாற்றவில்லை, தம்பி. உனக்கு வலிக்கக்கூடாது என்று அவர் ஏமாந்தவராய் நடித்தார். கடைசி நாள்வரை நன்றாக நடித்தார்.

மறக்காமல் சொல்லும் என்றார். நான் மறக்கவில்லை. பதினெட்டு வயது ஆகட்டும் என்று இருந்தேன். பிறகு சோதனை முடியட்டும், வேலை கிடைக்கட்டும், கலியாணம் நல்லபடி நடக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். உண்மை என்னவென்றால், அதைச் சொன்ன அடுத்த நிமிடமே நீ என்னைக் கேட்பாய், "அப்ப ஏன் அம்மா என்னைக்கொண்டு சொல்லுவிச்சனீங்கள்?" என்று. அந்தக் கேள்விக்குப் பயந்து, உன் தகப்பன் உனக்கென்று விட்டுப்போன ஒரே ஒரு சொல்லை இருபது வருடம் ஒளித்து வைத்திருந்தேன். நீ ஊரை விட்டு ஓடினாய், நான் சட்டத்தைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

வீடு விற்பனைக்கு இல்லை. தரகனுக்கு நானே தொலைபேசியில் சொல்லிவிட்டேன், என் பெயரில் உள்ள வீட்டைப் பற்றி என்னிடம்தான் கேட்க வேண்டும் என்று. அந்தப் பச்சைப் பெட்டியில் பிள்ளையின் கட்டிலைப் போடு. பிள்ளை பிறந்ததும் ரயில் ஏறி வருவேன், ஒரு மாதம் நின்று அனோஜாவுக்குச் சரக்குத் தண்ணியும் பத்தியச் சாப்பாடும் செய்து கொடுப்பேன், பிறகு என் வீட்டுக்குத் திரும்பிவிடுவேன். நீங்கள் அங்கேயே இருங்கள். நல்ல ஊர். இனி எனக்கு அரசாங்கத்தைக் காரணம் காட்டாதே, அவ்வளவுதான்.

ஆனால் அதற்கு முதல் ஒரு தரம் நீ இங்கே வரவேண்டும். ஆறுதல் சொல்ல அல்ல, மன்னிக்கவும் அல்ல. என்னைத் திட்ட வா. இருபது வருடத் திட்டு உன்னிடம் இருக்கிறது, அது எனக்குச் சேரவேண்டியது. குசினியில் எனக்கு முன்னால் நின்று, டேனிஷிலேயே திட்டு. எனக்கு இப்போது எல்லாம் விளங்கும். இடையில் நின்று மாற்றிச் சொல்ல ஒருவரும் தேவையில்லை.

அம்மா